மண்ணை நேசி என்று யாரிடம் சொல்கிறோம்?

பழைய மாமல்லபுரம் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோருக்கு ஊர்ப் பெயர்களே ஒரு தோப்பின் நினைவைத் தருகின்றன. நாவலூர் என்னும் பெயரில் நாவல் மரம் ஒலிக்கிறது. அதை அடுத்த தாழம்பூரில் தாழம்பூ மணக்கிறது. கடற்கரைப் பக்கம் பனையூர். திருப்போரூருக்குத் தெற்கே ஆலத்தூர். மரஞ்செடி கொடிகளைக் கொண்டே தம் இருப்பிடத்தை அடையாளம் கண்ட மக்கள் வாழ்ந்த சீமை இது. இன்றோ மரங்கள் பல பெயரளவில் எஞ்சியிருக்க, ஏர் உழுத வயல்களின் மேல் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்து நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டு செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது நாவலூர் அதன் பகுதியாயிற்று. ஆயினும் அதன் வாழ்வும் தாழ்வும் சென்னை மாநகரின் வளர்ச்சியோடு பிணைந்தே கிடக்கின்றன.

இத்தகைய ஊர்களில் இளைஞர்களைக் கூட்டி, நாட்டு மரங்களையும் செடிகளையும் வளர்க்கும் தோட்டங்களின் வழியே இயற்கைப் பாதுகாப்பைக் கற்பிக்கும் முயற்சிகள் அண்மைக் காலமாகப் பெருகி வருகின்றன. பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. 2001-இல் தேசியப் பசுமைப் படை பள்ளிகளில் தொடங்கப்பட்டது. 2022-இல் பசுமைத் தமிழகம் இயக்கம் பிறந்தது. பங்குகளின் இளைஞர் இயக்கங்களும் தொண்டு நிறுவனங்களும் தத்தம் அளவில் கன்று நடுகின்றன. இவை யாவும் நற்செயல்களே. நற்செயல் என்பதற்காகவே இதைக் குறித்து எந்தக் கேள்வியும் எழுப்பாமல் இருந்துவிடலாமா? இம்முயற்சியின் அடியில் அறம் சார்ந்த வினா ஒன்று புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுத்துப் பார்ப்பது நம் கடமை.

வினா இதுதான். சிற்றூர் இளைஞன் ஏரியைத் தூர்த்தவனல்லன். கழுவெளியில் கட்டடம் எழுப்பியவனும் அல்லன். அவனுடைய தந்தை ஒருவேளை சிறு நிலத்தை விற்றிருப்பார். ஒருவேளை பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டிருப்பார். அந்த நிலத்தின் மேல் எழுந்த கட்டடத்துக்குள் மகன் இன்று காவலாளியாகவோ ஓட்டுநராகவோ துப்புரவுப் பணியாளராகவோ நுழைகிறான். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து, கையில் ஒரு கன்றைக் கொடுத்து, ‘இயற்கையைக் காப்பது உன் பொறுப்பு’ என்கிறோம். மிகுதியாக நுகர்ந்தவர்கள் மிகக் குறைவாக நுகர்ந்தவனுக்குச் சிக்கனத்தைப் போதிப்பது நேர்மையாகுமா? உடைத்தவன் ஒருவன், ஒட்டவைக்க அழைக்கப்படுபவன் வேறொருவன் என்றால், அதற்குக் கல்வி என்று பெயரிடலாமா?

‘பூமி எல்லாருக்கும் பொது, எனவே பொறுப்பும் எல்லாருக்கும் பொது’ என்று இதற்கு விடை கூறுவோர் உண்டு. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய உலக நாடுகள், சுற்றுச்சூழலைக் காக்கும் பொறுப்பு எல்லா நாடுகளுக்கும் பொதுவானது, ஆயினும் அது சம அளவினதன்று என்று ஏற்றுக்கொண்டன. புகை கக்கிச் செல்வம் சேர்த்த நாடும் அதனால் வாடிய நாடும் ஒரே சுமையைத் தூக்க வேண்டியதில்லை என்பது அதன் பொருள். நாடுகளுக்கிடையே நீதியான ஒன்று, குளிரூட்டப்பட்ட வளாகத்துக்கும் அதன் மதிலுக்கு வெளியே இருக்கும் குடியிருப்புக்கும் இடையே மட்டும் எப்படி அநீதியாகும்?

வினா இன்னும் ஆழமானது. மண்ணை நேசி என்று சொல்லுமுன், கேட்பவனுக்கு மண் இருந்ததா என்று பார்க்க வேண்டும். செங்கல்பட்டு மண்ணின் வரலாறு இதைத் தட்டிக் கழிக்க விடாது. 18-ஆம் நூற்றாண்டில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வயல், ஏரி, தோப்பு, காடு என நிலம் வகைவகையாக அதில் பதிவாயிற்று. ஊர் விளைச்சலில் ஏரியைப் பேணுவதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்ட வழக்கமும் அக்காலக் கணக்குகளால் தெரியவருகிறது. காத்தல் என்பது அன்று தனிப்பட்டவரின் நல்லெண்ணமாக இருக்கவில்லை. அறுவடைக் களத்திலேயே அளந்து வைக்கப்பட்ட கடமையாக இருந்தது.

ஆனால் அந்த ஏற்பாட்டிலும் எல்லாருக்கும் நிலம் இருந்ததில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இம்மாவட்டத்தில் தீண்டாமைக்கு உட்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து 1891-இல் அறிக்கை எழுதினார். நிலமின்மையே அவர்களை அடிமைகளாக வைத்திருக்கிறது என்பதை அவ்வறிக்கை காட்டியது. அதன் விளைவாக 1892-இல் அவர்களுக்கென நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது அதுவே. அந்நிலங்களில் பல கைமாறிப் போயின. அவற்றை மீட்கச் செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் எழுந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபரில், ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் ஈந்தனர். ஒருவர் பெயரில் திருத்தூதர் இருவர். மற்றவர் பெயரில் திருமலை. மண் கேட்டு இருவரும் சேர்ந்தே மாண்டனர். இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு ஓர் ஏழை இளைஞனிடம் ‘மண்ணை நேசி’ என்று சொல்லும்போது, அச்சொல் எவ்வளவு கனமானது என்பதை உணர்ந்து சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்தக் கல்வியே வேண்டாமா? அவ்வாறு முடிவு செய்வது பெருந்தவறாகும். இதற்கான விடையையும் இதே மாவட்டத்திலேயே காணலாம்.

இருளர் பழங்குடியினரை எண்ணிப் பார்ப்போம். பாம்பு பிடித்துத் தோலுக்காக விற்பது அவர்களுள் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. சட்டம் நல்லதே, பாம்புகள் காக்கப்பட வேண்டியவையே. ஆனால் அச்சட்டத்தின் விலையை முதலில் கொடுத்தவர்கள் தோலில் பை செய்து விற்ற வணிகர்களைவிட இருளர்களே. அடுப்பு அணைந்தது அவர்கள் குடிசையில்தான். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடும் முறை வடநெம்மேலியில் வழக்கத்துக்கு வந்தது. அந்த நஞ்சிலிருந்து செய்யப்படும் மருந்து நாடெங்கும் பாம்புக்கடிக்கு உள்ளானோரைக் காக்கிறது. கொல்வதற்குப் பயன்பட்ட அறிவு உயிர் காக்கும் அறிவாயிற்று. 2023-இல் இவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தாவரங்களின் உலகிலும் இத்தகைய நிகழ்வு ஒன்று உண்டு. 1986-இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் செங்கல்பட்டு வட்டாரத்துத் தண்டரையில் மூலிகைத் தோட்டமும் நாற்றுப்பண்ணையும் வளர்த்து வருகிறது. தரிசு நிலத்தில் மரங்களை எழுப்பியவர்கள் அப்பெண்கள். எந்த இலை எந்த நோய்க்கு, எந்த விதை எந்த மாதத்தில் விழும் என்பதை யாரும் அவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களிடம் இருந்ததை மதிக்க உலகம் கற்றுக்கொண்டது, அவ்வளவே.

இங்கேதான் நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. இயற்கைப் பாதுகாப்பை ஏழை இளைஞனிடம் கடனாகச் சுமத்தினால் அது அநீதி. அவனுக்கு உரிய சொத்தாகத் திருப்பிக் கொடுத்தால் அது நீதி. செயல் இரண்டிலும் ஒன்றே: அதே குழி, அதே கன்று, அதே தண்ணீர். ஆனால் ஒன்றில் அவன் பிறர் பாவத்துக்குப் பரிகாரம் செய்பவன். மற்றொன்றில் தன் முன்னோரின் உடைமையைப் பெற்றுக்கொள்பவன்.

இதை வெறும் மனப்பான்மை என்று எண்ணிவிடக் கூடாது. கற்பிக்கும் முறையே இதனால் மாறுகிறது. கடனாகக் கற்பிப்பவர் மேடையில் ஏறிச் சொற்பொழிவு ஆற்றுவார். சொத்தைத் திருப்பிக் கொடுப்பவர் முதலில் ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்று கேட்பார். களாச் செடி எங்கே புதராக மண்டியிருந்தது என்பது ஆடு மேய்த்த பெரியவருக்குத் தெரியும். சளிக்கு நொச்சி இலையை வேகவைத்து ஆவி பிடிப்பது பாட்டிக்குத் தெரியும். தாழை எவ்வாறு வாய்க்கால் கரையைப் பிடித்து நிறுத்தியது என்பது மீன் பிடித்தவருக்குத் தெரியும். கூலிப் பெண்கள், மேய்ப்பர், மீனவர் என ஊரில் மதிப்புக் குறைந்தவர்களாகக் கருதப்பட்டோரிடமே இவ்வறிவு பெரும்பாலும் தங்கியிருக்கிறது. இளைஞன் அவர்களிடம் சென்று ஒரு செடியின் பெயரைக் கேட்கும்போது செடியின் பெயர் மட்டும் அவனுக்குக் கிடைப்பதில்லை. தன் பாட்டி அறிவுடையவள் என்ற உண்மையும் கிடைக்கிறது.

‘நாட்டுச் செடி’ என்னும் சொல்லைக் குறித்தும் இங்கு நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. நாட்டு மாடு, நாட்டுக் கோழி என்று பெருமையாகச் சொல்லும் நம் மொழி, வெளியிலிருந்து வந்ததைச் சீமை என்று குறிக்கிறது. இத்தகைய சொற்களின் கூர்மை கிறித்தவர்களாகிய நமக்குத் தெரியாததன்று. மயிலாப்பூரிலும் பரங்கிமலையிலும் திருத்தூதர் தோமாவின் நினைவை நெடுங்காலமாகப் போற்றி வந்தும், ‘அந்நியர்’ என்னும் சொல்லைக் காதில் வாங்கியவர்கள் நாம். எனவே, ‘வெளியிலிருந்து வந்தது எல்லாம் தீது’ என்று ஒரு தோட்டம் இளைஞருக்குக் கற்பிக்குமானால், அது செடிகளைப் பற்றிய பாடமாக மட்டும் நின்றுவிடாது. மனிதரைப் பற்றியும் தவறான பாடமாகிவிடும்.

உண்மை வேறு. நம் குழம்பில் உறைக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கடலோர மணலில் விளையும் முந்திரியும் அவ்வாறே. இவை இங்கு வந்தபின் பிற செடிகளுக்கும் இடம் கொடுத்து, பலருடைய பசியையும் ஆற்றின. சீமைக் கருவேலமும் வெளியிலிருந்து வந்ததே. ஆனால் அது மண்டிய ஏரிக்கரையில் வேறு செடிகளுக்கு இடமில்லாமல் போகிறது. ஆக, எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் பிறரை வாழ விடுகிறதா என்பதே அளவுகோல். 2022-இல் தமிழ்நாடு அரசு இத்தகைய ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. சீமைக் கருவேலம் பல ஏழைகளுக்கு விறகாகவும் கரியாகவும் சோறு போடுகிறது. அதை வெட்டுமுன் யாருடைய அடுப்பு அணையும் என்று கேட்பதே இருளர் வரலாறு நமக்குக் கற்றுத் தந்த பாடம்.

இனி, நாட்டுச் செடித் தோட்டம் எவ்வாறு கற்பிக்கிறது என்பதைப் பார்ப்போம். நாவல் விதையைச் சேமித்து வைக்க முடியாது. ஆனி, ஆடியில் பழம் விழுந்ததும், சில வாரங்களுக்குள் மண்ணில் இட வேண்டும். உலர்ந்தால் உயிர் போய்விடும். இலுப்பை விதையும் அத்தகையதே. கிடைத்ததை உடனே மண்ணுக்குத் திருப்பிக் கொடு என்னும் ஒழுக்கத்தை, பதுக்கி வைப்பதே அறிவு என்று எண்ணும் உலகில், ஒரு விதை கற்பிக்கிறது. பனங்கொட்டையோ முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய பின்னரே மேலே ஓர் இலையைக் காட்டும். அது காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். நட்டவன் உண்ணாமல் போகலாம் என்பதை அறிந்தே நடுவது, அறங்களுள் அரியது.

எருக்கஞ்செடியைத் தோட்டத்தில் விட்டு வைத்தால், வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப் பூச்சியின் புழுக்கள் அதன் இலைகளைத் தின்று தீர்க்கும். அழகுக்காக வளர்க்கும் தோட்டத்தில் தின்னப்பட்ட இலை ஒரு குறை. நாட்டுச் செடித் தோட்டத்தில் அது ஒரு விருந்தின் அடையாளம். தன்னிடம் உள்ளதில் ஒரு பகுதி பிறர்க்கென்று அமைந்ததே என்பதை இளைஞன் நூல்களில் படிக்காமல் இலையில் படிக்கிறான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இக்கரையைத் தாக்கியபோது, சாலையோரத்தில் அழகுக்காக நடப்பட்ட செம்மயிற்கொன்றை போன்ற அயல் மரங்கள் மிகுதியாகச் சாய்ந்தன, பனைகள் நின்றன. எதை எங்கே நடுவது என்பது அழகு பற்றிய கேள்வி மட்டுமன்று என்பதை அந்த ஒரு நாள் மெய்ப்பித்தது.

எண்ணிக்கை குறித்தும் ஒரு சொல். கென்யா நாட்டில் 1977-இல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கி, 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய், கத்தோலிக்கத் துறவியரின் பள்ளிகளில் பயின்றவர். அவருடைய இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் தாங்களே விதை சேகரித்து நாற்று வளர்த்தார்கள். நட்ட கன்றுகளுக்கு என்றில்லாமல், பிழைத்த கன்றுகளுக்கென்றே அவர்களுக்குச் சிறுதொகை வழங்கப்பட்டது. இதில் இரண்டு நீதிகள் அடங்கியுள்ளன. உழைப்புக்குக் கூலி உண்டு என்பது ஒன்று; விழாவை எண்ணாமல் உயிரை எண்ணுவது மற்றொன்று. ஒரே நாளில் எத்தனை ஆயிரம் கன்று என்று பறைசாற்றும் நம் விழாக்கள், மூன்றாம் ஆண்டு எத்தனை நிற்கின்றன என்று எண்ணத் தொடங்கினால் எவ்வளவோ மாறும்.

இத்தனை சிறப்புகள் இருந்தும், தோட்டம் ஒரு திரையாகிவிடும் ஆபத்து உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே தேங்கும் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே சென்று, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். அந்த வழி நெடுகிலும் நீருக்குரிய இடம் குறுகிக்கொண்டே வந்ததன் விளைவை 2015 டிசம்பர் வெள்ளத்தில் இச்சாலையோர மக்கள் கண்டார்கள். நீர்வழியை அடைத்துவிட்டு, அதன் கரையில் நூறு புங்கன் நட்டுக் கணக்கை நேர் செய்ய முடியாது. ஏழை இளைஞர்களின் கைகளால் நடப்பட்ட கன்றுகளைக் காட்டிப் பெரியவர்களின் செயல்களை மறைப்பது, கல்விக்கு இழைக்கும் துரோகம்.

ஆனால் செடிகளின் பெயர் அறிந்த இளைஞனை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. ‘இது வெறும் புறம்போக்கு, இங்கே ஒன்றுமில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, இங்கே தாழை இருக்கிறது, நீர்மருது இருக்கிறது, மழைக்காலத்தில் நாரை இறங்குகிறது என்று சொல்ல அவனால் முடியும். பெயர் தெரியாதவனுக்கு அது வெற்றிடம். பெயர் தெரிந்தவனுக்கு அது குடியிருப்பு. 2002-இல் இயற்றப்பட்ட பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வழி செய்கிறது. அப்பதிவேட்டை எழுதும் கை, தோட்டத்தில் பழகிய கையாக இருக்கட்டும். கிராம சபையில் எழுந்து நின்று ஏரியின் எல்லையைக் கேட்கும் குரல், அத்தோட்டத்தில் பயின்ற குரலாக இருக்கட்டும். தோட்டம் நீதிக்கு மாற்றாகாது. நீதி கேட்போருக்குப் பயிற்சிக் களமாகலாம்.

தொடக்க நூல் மனிதனை ஒரு தோட்டத்தில் வைத்தே தன் கதையைத் தொடங்குகிறது. அதில் உழைக்கவும் அதைக் காக்கவும் அவனுக்குப் பணி தரப்படுகிறது. ஆனால் தோட்டம் முதலில் கொடையாக அளிக்கப்பட்டது, பணி அதன் பின்னரே வந்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலின் சாரமும் இதற்கு அணுக்கமானதே: மண் எழுப்பும் குமுறலும் ஏழை எழுப்பும் குமுறலும் வெவ்வேறல்ல, ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்குக் காதை மூடிக்கொள்ள முடியாது.

எனவே காக்கச் சொல்லுமுன் கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது? நம் கோவில் வளாகங்களிலும் பள்ளி வளாகங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இடம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை நிலமற்ற வீட்டு இளைஞர்களின் பொறுப்பில் விடலாம். அங்கே அவர்கள் வளர்க்கும் நாவலும் புன்னையும் களாவும் தரும் கனியும் விதையும் கன்றும் அவர்களுக்கே உரியவை என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்போரும் நிறுவனங்களும் அக்கன்றுகளை இலவசமாகக் கேளாமல் உரிய விலைக்கு வாங்கலாம். ஊர்ப் பாட்டியை விருந்தினராக அன்றி ஆசிரியராக அழைத்து, ஆசிரியருக்குரிய மதிப்பூதியம் தரலாம். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு தேவையில்லை. விட்டுக் கொடுக்கும் மனம் மட்டுமே தேவை. அதுவே எப்போதும் அரிதாகக் கிடைப்பது.

மண்ணை நேசி என்று சொல்வது தவறன்று. ஆனால் அச்சொல்லைச் சொல்லும் உரிமை, மண்ணில் ஒரு பங்கை விட்டுக் கொடுத்தவருக்கே முதலில் உண்டு. கொடுத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்போம். நேசிக்கும்படி யாரையும் வற்புறுத்த வேண்டிய தேவையே இராது.